ஆல்ப்ஸ் மலைச்சாலையில் நின்ற லாரிகள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் வாக்கு விதியும் அதன் போட்டித்திறனும்

1984 பிப்ரவரியில், பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மோன் பிளாங்க் சுரங்கப்பாதைக்குப் போகும் மலைச்சாலையில் லாரிகள் நகராமல் நின்றன. எல்லையில் இத்தாலியச் சுங்க ஊழியர்கள் தங்கள் கோரிக்கைகளுக்காக வேலையை வேண்டுமென்றே மெதுவாக்கியிருந்தார்கள். குளிரில் நாள்கணக்கில் காத்துக் கிடந்த ஓட்டுநர்கள் பொறுமை இழந்து, லாரிகளைக் குறுக்கே நிறுத்திச் சாலையை மறித்தார்கள். சில நாள்களிலேயே மறியல் பிரான்ஸ் முழுக்கப் பரவிவிட்டது.

இவை சண்டைக்கார நாடுகள் இல்லை. 1957இல் ரோம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்த பொதுச் சந்தையைத் தொடங்கிய ஆறு நாடுகளில் பிரான்சும் உண்டு, இத்தாலியும் உண்டு. இவற்றுக்கு இடையே இருந்த சுங்க வரி 1968 ஜூலையிலேயே முழுவதுமாக நீக்கப்பட்டுவிட்டது. வரியே இல்லாத எல்லையில், பதினாறு ஆண்டு கழித்தும் சுங்கச் சோதனை எதற்கு?

வரி போய்விட்டது, விதிகள் போகவில்லை. மதிப்புக்கூட்டு வரி விகிதம் நாட்டுக்கு நாடு வேறு. அதனால் சரக்கு வெளியேறும்போது ஒரு கணக்கு, உள்ளே நுழையும்போது இன்னொரு கணக்கு. இறைச்சிக்கும் செடிகொடிகளுக்கும் தனிப் பரிசோதனை. இயந்திரத்துக்கு ஒரு தரச்சான்று, மருந்துக்கு ஒரு சான்று, லாரிக்கே ஓர் அனுமதி. ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். இந்த விதிகளையெல்லாம் ஒன்றாக்கிவிட்டால் படிவமும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். ஆனால் ஒன்றாக்க வேண்டுமென்றால் எல்லா அரசுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். அவை ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் லாரி நின்றது.

ஐரோப்பிய ஒன்றியம் பற்றிய செய்திகளில் இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று போட்டித்திறன், இன்னொன்று அமைப்புச் சீர்திருத்தம். முதலாவதைப் பொருளாதாரப் பக்கத்திலும் இரண்டாவதை அரசியல் பக்கத்திலும் போட்டுவிடுவார்கள். படிப்பவருக்கு இரண்டும் வேறு வேறு விஷயங்கள் போலத் தெரியும். என் பார்வையில் இரண்டும் ஒரே விஷயம்தான். பல நாடுகள் சேர்ந்த ஓர் ஒன்றியத்தின் பொருளாதாரம் எவ்வளவு வேகமாக நகரும் என்பதை, அந்த ஒன்றியம் வாக்குகளை எப்படி எண்ணுகிறது என்பதே பெருமளவு தீர்மானிக்கிறது. அந்த மலைச்சாலையிலிருந்து தொடங்கினால் இது நன்றாகப் புரியும்.

யார் எப்படி முடிவெடுக்கிறார்கள்

முதலில் அமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஐரோப்பிய ஆணையம் சட்ட முன்மொழிவுகளைத் தயாரிக்கிறது. அந்த உரிமை பெரும்பாலும் அதற்கு மட்டுமே உண்டு. முன்மொழிவு இரண்டு இடங்களுக்குப் போகும். ஒன்று மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றம். மற்றொன்று உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் உட்காரும் கவுன்சில். நிதி விஷயம் என்றால் நிதியமைச்சர்கள், விவசாயம் என்றால் வேளாண் அமைச்சர்கள். இதற்கெல்லாம் மேலே நாட்டுத் தலைவர்களே கூடும் உச்சி மாநாடு, திசையை மட்டும் சொல்லும். சிக்கல் வந்தால் தீர்த்துவைக்க லக்சம்பர்க்கில் ஒரு நீதிமன்றம்.

இதில் முடிச்சு விழும் இடம் கவுன்சில். அங்கே இரண்டு வகையாக வாக்கு எண்ணுவார்கள். சில விஷயங்களுக்கு 27 நாடுகளும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒரே ஒரு நாடு வேண்டாம் என்றாலும் முடிந்தது. அதைத்தான் வீட்டோ என்கிறோம். வரி, வெளியுறவு, புதிய நாடுகளைச் சேர்ப்பது, ஏழாண்டு வரவுசெலவுத் திட்டம் ஆகியவை இந்த வகை. மற்ற பல விஷயங்களுக்குத் தகுதிப் பெரும்பான்மை போதும். அதாவது குறைந்தது 15 நாடுகள் ஆதரிக்க வேண்டும், அந்த நாடுகளில் ஒன்றியத்தின் மக்கள்தொகையில் 65 சதவீதமாவது இருக்க வேண்டும். எட்டுக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் ஜெர்மனியும் ஆறு லட்சம்கூட இல்லாத மால்டாவும் ஒரே மேசையில் உட்காரும் அமைப்பில் இந்த இரட்டைக் கணக்கு தேவைதான். பெரிய நாடுகள் சேர்ந்து சின்ன நாடுகளை மிதிக்கவும் முடியாது, சின்ன நாடுகள் கூடிப் பெரிய நாடுகளைக் கட்டிப்போடவும் முடியாது.

எல்லோரும் சம்மதிக்க வேண்டும் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குடும்பத்தில், நண்பர்களிடையே நாமே விரும்புவது அதுதான். ஆனால் எண்ணிக்கை ஏற ஏற அது என்ன செய்கிறது என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு யோசனை எவ்வளவோ நல்லது, ஒவ்வொரு நாடும் அதற்குச் சரி சொல்ல 100க்கு 95 வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு நாடுகள் மட்டும் இருந்தால், எல்லோரும் சரி சொல்ல 100க்கு 74 வாய்ப்பு. 27 நாடுகள் என்றால் அது 25 ஆகிவிடும். 35 நாடுகளானால் 17தான். நாடுகள் நாணயம் சுண்டி முடிவெடுப்பதில்லை, பேரம் பேசும், விட்டுக்கொடுக்கும், அதனால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பது இதில் தெரிகிறது. ஆறு நாடுகளுக்குத் தைத்த சட்டையை 27 பேருக்குப் போட்டுவிட்டிருக்கிறார்கள்.

ஐரோப்பாவுக்கு இந்த விஷயத்தில் பழைய காயமே இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுப் போலந்தில், பிரபுக்கள் சபையின் ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து மறுத்தால் அந்தக் கூட்டத்தொடர் முழுவதும் கலைந்துவிடும், அதுவரை நிறைவேற்றியதும் செல்லாது. 1652இல் ஒருவர் அப்படிச் செய்த பிறகு அது வழக்கமாகிப் போனது. பக்கத்து வல்லரசுகள் ஓர் உறுப்பினரை விலைக்கு வாங்கினாலே போதும், நாடே முடங்கும். 1791 மே 3ஆம் தேதி வந்த அரசியலமைப்பு அந்த உரிமையை ஒழித்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. 1795இல் போலந்து என்ற நாடே வரைபடத்தில் இல்லை.

காலி நாற்காலி

ரோம் உடன்படிக்கையை எழுதியவர்களுக்கு இந்த ஆபத்து தெரியாமல் இல்லை. 1966 தொடங்கியதும் பல விஷயங்களைப் பெரும்பான்மை வாக்கில் முடிவு செய்யலாம் என்றே அதில் எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தேதி நெருங்கியபோது பிரான்ஸ் அதிபர் சார்ல் தெ கோல் முரண்டு பிடித்தார். விவசாய நிதி பற்றிய தகராறு ஒரு காரணம். பிரான்சின் விருப்பத்துக்கு மாறாகப் பிறர் வாக்களித்து முடிவெடுக்கும் நிலை வருவதை அவர் ஏற்கத் தயாராக இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். 1965 ஜூலையில் பிரான்ஸ் தன் அமைச்சர்களைக் கூட்டங்களுக்கு அனுப்புவதை நிறுத்தியது. ஏழு மாதம் அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது.

1966 ஜனவரியில் லக்சம்பர்க்கில் ஒரு சமரசம் வந்தது. ஒரு நாடு தன் உயிர்நாடியான நலன் பாதிக்கப்படுகிறது என்று சொன்னால், எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வரை பேசிக்கொண்டே இருக்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். எது உயிர்நாடி என்பதை யார் சொல்வது? அந்த நாடேதான். அப்புறம் என்ன, உடன்படிக்கையில் பெரும்பான்மை வாக்கு எழுத்தாக இருந்தது, நடைமுறையில் எல்லோருக்கும் வீட்டோ கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகான ஏறக்குறைய இருபது ஆண்டுகளைப் பற்றி நினைக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சும். ஒரு நாட்டில் படித்த கட்டடக் கலைஞர் இன்னொரு நாட்டில் தொழில் செய்யலாம் என்ற ஒற்றை விதியை நிறைவேற்றச் சுமார் 18 ஆண்டு ஆனது. 1967இல் முன்மொழிந்தது 1985இல்தான் சட்டமானது. ஓர் இளைஞர் படிப்பை முடித்துவிட்டு இந்தச் சட்டத்துக்காகக் காத்திருந்தால் அவருக்குத் தலை நரைத்திருக்கும். எழுபதுகளில் எண்ணெய் விலை ஏறியது, வேலையின்மை கூடியது. ஒவ்வொரு அரசும் தன் தொழிற்சாலைகளைக் காக்கத் தரவிதிகளையே வேலியாக்கிக்கொண்டது. இந்தத் தேக்கத்துக்கு அன்றைய பொருளாதார வல்லுநர்கள், ஐரோப்பாவுக்கு உடல் இறுகிப்போகும் நோய் வந்திருக்கிறது என்றே பெயர் வைத்தார்கள்.

இந்த இருட்டில் வெளிச்சம் காட்டியது ஒரு மதுப்புட்டி. பிரான்சின் திஜோன் ஊரில் பிளாக்கரண்ட் என்ற கறுப்புச் சிறுபழத்தில் காசிஸ் என்ற இனிப்பு மது செய்வார்கள். அதில் ஆல்கஹால் 15 முதல் 20 சதவீதம். அதை ஜெர்மனியில் விற்க ரேவே என்ற வணிக நிறுவனம் அனுமதி கேட்டது. எங்கள் சட்டப்படி பழமது 25 சதவீதமாவது இருக்க வேண்டும், இது போதாது என்று ஜெர்மன் அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. ஓர் உறுப்பு நாட்டில் முறைப்படி தயாராகி விற்கப்படும் பொருளை, வலுவான பொதுநலக் காரணம் இல்லாமல் இன்னொரு நாடு தடுக்கக் கூடாது என்று 1979 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. எல்லாப் பொருளுக்கும் ஒரே விதி எழுத அமைச்சர்கள் பல்லாண்டு முட்டிக்கொண்டிருந்தபோது, ஒருவர் விதியை இன்னொருவர் மதித்தால் போதுமே என்று நீதிமன்றம் வேறு கதவைத் திறந்துவிட்டது.

சந்தைக்காக வாக்கு விதியை மாற்றியவர்கள்

1985 ஜனவரியில் பிரான்சைச் சேர்ந்த ஜாக் தெலோர் ஆணையத்தின் தலைவரானார். பதவியேற்கும் முன்பே தலைநகரம் தலைநகரமாகப் போய், எதில் எல்லோரும் சேர்ந்து நடப்பீர்கள் என்று விசாரித்திருந்தார். பொது நாணயம், பொதுப் பாதுகாப்பு, அமைப்புச் சீர்திருத்தம், உள்நாட்டு எல்லைகள் இல்லாத ஒற்றைச் சந்தை என நான்கு யோசனைகள் அவரிடம் இருந்தன. எந்தத் தலைநகரமும் மறுக்காதது கடைசி ஒன்றுதான். அதையே பிடித்துக்கொண்டார். பிரிட்டன் அனுப்பிய ஆணையர் காக்ஃபீல்டு பிரபு, அந்தச் சந்தைக்குத் தடையாக நிற்கும் விஷயங்களை ஒன்றுவிடாமல் தொகுத்து, சுமார் 300 சட்டங்கள் கொண்ட பட்டியலை அதே ஆண்டு ஜூனில் வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் கெடு வைத்தார். கடைசிக் கெடு 1992 டிசம்பர் 31.

பட்டியல் தயாரானதுமே உண்மை எல்லோருக்கும் உறைத்தது. ஒரு கட்டடக் கலைஞர் சட்டத்துக்கு 18 ஆண்டு என்றால் 300 சட்டத்துக்கு எத்தனை தலைமுறை? சந்தை வேண்டுமென்றால் வாக்கு எண்ணும் முறை மாறியாக வேண்டும். தெலோரின் நான்கு யோசனைகளில் நாடுகள் தொடத் தயங்கிய அமைப்புச் சீர்திருத்தம், சந்தையின் வழியாகவே உள்ளே வந்தது.

1985 ஜூன் இறுதியில் மிலான் உச்சி மாநாடு. உடன்படிக்கையைத் திருத்த ஒரு மாநாடு கூட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. பிரிட்டன், டென்மார்க், கிரீஸ் மூன்றும் வேண்டாம் என்றன. அதுவரை தலைவர்கள் கூட்டத்தில் யாரும் வாக்கெடுப்பு நடத்தியதில்லை, இழுத்துப் பேசி ஒத்திவைப்பார்கள். தலைமை வகித்த இத்தாலியப் பிரதமர் பெத்தினோ கிராக்ஸி, மாநாடு கூட்டச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்று விதியைக் காட்டி வாக்கெடுப்பு நடத்திவிட்டார். ஏழுக்கு மூன்று. பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சருக்குக் கடும் கோபம். ஆனால் எல்லைகள் இல்லாத சந்தை அவருக்கும் வேண்டியிருந்தது. பெரும்பான்மை வாக்கு இல்லாமல் அது கிடைக்காது என்பதும் புரிந்தது. 1986 பிப்ரவரியில் கையெழுத்தான ஒற்றை ஐரோப்பியச் சட்டத்தில் பிரிட்டனும் கையெழுத்துப் போட்டது. 1987 ஜூலையில் அது நடைமுறைக்கு வந்தது.

சந்தை தொடர்பான சட்டங்களைத் தகுதிப் பெரும்பான்மையில் நிறைவேற்றலாம் என்பதுதான் அதன் இதயம். பெரும்பான்மை வந்ததும் நடந்தது ஆச்சரியமானது. உண்மையில் வாக்கெடுப்பு அடிக்கடி நடக்கவில்லை. நடக்கக்கூடும் என்பதே போதுமானதாக இருந்தது. பிடிவாதம் பிடித்தால் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று தெரிந்ததும், ஒவ்வொரு நாடும் முன்கூட்டியே வந்து பேரம் பேசி ஒத்துக்கொண்டது. வாக்கு விதி மாறினால் மேசையில் உட்காருபவர்களின் மனநிலையே மாறுகிறது. 1993 ஜனவரி 1 அன்று உறுப்பு நாடுகளுக்கு இடையிலான சுங்கச் சோதனைகள் நீங்கின. மோன் பிளாங்கில் காத்துக் கிடந்த ஓட்டுநருக்கு ஒன்பது ஆண்டு கழித்துப் பதில் கிடைத்தது.

அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கையும் எழுதி வைத்தார்கள். வரி, ஆட்களின் நடமாட்டம், தொழிலாளர் உரிமை ஆகிய மூன்றுக்கும் பழையபடி எல்லோர் சம்மதமும் வேண்டும் என்றார்கள். பிற்கால உடன்படிக்கைகள் அந்தப் பூட்டுகளில் சிலவற்றைத் திறந்தன. வரிக்குப் போட்ட பூட்டு இன்றும் அப்படியே தொங்குகிறது.

இன்றைய கேள்வி

போட்டித்திறன் என்ற சொல்லை ஓட்டப்பந்தயம் போலப் புரிந்துகொள்ள வேண்டாம். அமெரிக்கா வளர்ந்தால் ஐரோப்பா தோற்றது என்று அர்த்தமில்லை. ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மதிப்பை உண்டாக்குகிறார், அது ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு உயர்கிறது என்பதுதான் அடிப்படை. சம்பளம், ஓய்வூதியம், மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் அதிலிருந்து வருகிறவை. முதியவர்கள் கூடிக்கொண்டே போகும் ஐரோப்பாவில் இது வெறும் வணிகர் கவலை இல்லை.

ஐரோப்பிய மத்திய வங்கியின் முன்னாள் தலைவரும் இத்தாலியின் முன்னாள் பிரதமருமான மாரியோ திராகி, ஆணையம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க 2024 செப்டம்பரில் ஒரு பெரிய அறிக்கை கொடுத்தார். அதில் வரும் ஓர் ஒப்பீட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஐரோப்பியத் தொழிலாளியின் உற்பத்தித்திறன் அமெரிக்கரோடு ஒப்பிட்டால் கால்பங்குகூட இல்லை. அது ஏறி ஏறி 1995இல் 95 சதவீதத்தைத் தொட்டது. பிறகு இறங்கி இப்போது 80க்குக் கீழே வந்துவிட்டது. 1995க்குப் பிறகு என்ன நடந்தது? இணையமும் கணினித் தொழிலும் வந்தன, ஐரோப்பா அந்த அலையைத் தவறவிட்டது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் புதிதாகத் தொடங்கி 10,000 கோடி யூரோ சந்தை மதிப்பைத் தாண்டிய ஒரு நிறுவனம்கூட ஒன்றியத்தில் இல்லை என்கிறார் திராகி. 2008க்கும் 2021க்கும் இடையே அங்கே பிறந்து பெரிதாக வளர்ந்த ஸ்டார்ட்அப்களில் ஏறக்குறைய 30 சதவீதம் தலைமையகத்தை வெளிநாட்டுக்கு மாற்றிக்கொண்டன, பெரும்பாலும் அமெரிக்காவுக்கு.

திறமை இல்லாததாலா? அங்கே நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, பொறியாளர்கள் இருக்கிறார்கள், 45 கோடி மக்கள் கொண்ட சந்தை இருக்கிறது. பணமும் இருக்கிறது. ஐரோப்பியக் குடும்பங்களின் சேமிப்பில் ஆண்டுக்குச் சுமார் 30,000 கோடி யூரோ வெளியே, முக்கியமாக அமெரிக்காவுக்குப் போகிறது என்று இத்தாலியின் இன்னொரு முன்னாள் பிரதமர் என்ரிக்கோ லெத்தா அதே ஆண்டு ஏப்ரலில் கொடுத்த அறிக்கையில் சொன்னார். அந்தப் பணம் அமெரிக்க நிதிச்சந்தை வழியாகத் திரும்பி வந்து ஐரோப்பிய நிறுவனங்களையே வாங்குகிறது என்றும் சேர்த்துச் சொன்னார்.

சிக்கல் எங்கே என்று ஒரு ஸ்டார்ட்அப்பின் கண்ணால் பாருங்கள். லிஸ்பனில் தொடங்கிய நிறுவனம் வார்சாவிலும் வியன்னாவிலும் கிளை திறக்க நினைக்கிறது. சரக்கு அனுப்புவது சுலபம், எல்லையில் லாரியை யாரும் நிறுத்த மாட்டார்கள். ஆனால் நிறுவனச் சட்டம் நாட்டுக்கு ஒன்று. திவால் சட்டம், ஊழியர்களுக்குப் பங்கு கொடுத்தால் போடும் வரி, வேலைவாய்ப்பு ஒப்பந்தம் எல்லாமே நாட்டுக்கு ஒன்று. 27 நாடுகளிலும் தொழில் செய்ய 27 வகை வழக்கறிஞர் வேண்டும். டெக்சஸுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையிலும் வேறுபாடுகள் உண்டுதான், ஆனால் முதலீட்டாளருக்குத் தெரிந்த ஒரே வகை நிறுவனமாகப் பதிந்துகொண்டு நாடு முழுக்க ஓடலாம். இந்த உள்தடைகளைச் சுங்க வரியாகக் கணக்கிட்டால் தொழிற்சாலைப் பொருள்களுக்கு 44 சதவீதமும் சேவைகளுக்கு 110 சதவீதமும் ஆகும் என்று சர்வதேச நாணய நிதியம் 2024இல் மதிப்பிட்டது. அது வெளியார் போட்ட வரி இல்லை. ஐரோப்பியர் ஐரோப்பியர் மேல் போட்டுக்கொண்டது.

1993இல் மோன் பிளாங்கில் காணாமல் போன வரிசை, வரி அலுவலகத்துக்கும் வங்கிக்கும் பதிவு அலுவலகத்துக்கும் இடம் மாறியிருக்கிறது என்றே சொல்வேன்.

நாற்பத்தெட்டு ஆண்டுக் காப்புரிமை

ஒரே விண்ணப்பத்தில் எல்லா நாட்டுக்கும் செல்லும் காப்புரிமை வேண்டும் என்று 1975இலேயே ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அது நடைமுறைக்கே வரவில்லை. 2000இல் ஆணையம் மீண்டும் முயன்றது. கண்டுபிடிப்பு பற்றி யாருக்கும் தகராறு இல்லை, மொழி பற்றித்தான். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றும் போதும் என்ற யோசனையை ஸ்பெயினும் இத்தாலியும் ஏற்கவில்லை. தமிழில் இதைப் படிக்கும் நமக்கு அந்த ஆதங்கம் புரியாமல் போகாது. தன் மொழி ஒதுக்கப்படுகிறது என்ற வலி சின்ன விஷயமில்லை. ஆனால் எல்லோர் சம்மதமும் வேண்டும் என்ற விதியால், அந்த வலிக்கு மருந்தும் கிடைக்கவில்லை, காப்புரிமையும் கிடைக்கவில்லை. சிறிய நிறுவனங்கள் நாடு நாடாகப் பதிந்து, மொழிபெயர்ப்புக்கும் கட்டணத்துக்கும் செலவழித்துக்கொண்டே இருந்தன.

கடைசியில் உடன்படிக்கையில் இருக்கும் ஒரு பக்கவாசலைத் திறந்தார்கள். குறைந்தது ஒன்பது நாடுகள் சேர்ந்தால், மற்றவர்களுக்காகக் காத்திராமல் தங்களுக்குள் முன்னே போகலாம். 2011இல் 25 நாடுகள் அப்படிக் கிளம்பின. ஸ்பெயினும் இத்தாலியும் வழக்குப் போட்டன, 2013இல் தோற்றன. இத்தாலி பிறகு சேர்ந்துகொண்டது. ஒரு வழியாக 2023 ஜூன் 1 அன்று ஒற்றைக் காப்புரிமை நடைமுறைக்கு வந்தது. அப்போதும் எல்லா நாடுகளும் அதில் இல்லை.

விருப்பமுள்ளவர்கள் முன்னே போவது புதிதல்ல. மறியல் நடந்த அடுத்த ஆண்டே, 1985 ஜூனில், ஐந்து நாடுகள் மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் கூடி, தங்களுக்கு இடையிலான எல்லைகளில் ஆள் சோதனையை நீக்கும் ஷெங்கன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அப்போது அது ஒன்றிய அமைப்புக்கு வெளியேதான் இருந்தது. இன்று அது ஒன்றியச் சட்டத்தின் பகுதி. யூரோவும் எல்லோருக்கும் ஆனதில்லை. எனக்கு இந்த வழி பிடிக்கும். தயங்குகிறவரைக் கட்டாயப்படுத்தாது, நடக்கிறவரையும் நிறுத்தாது. ஒரு குறை உண்டு. எந்த நாட்டில் எந்த விதி என்பதே புதிராகும் அளவுக்குக் குழுக்கள் பெருகினால், ஒற்றைச் சந்தை என்ற எண்ணமே சிதறும்.

வீட்டோவைத் தொட ஏன் தயங்குகிறார்கள்

எல்லோர் சம்மதம் என்ற விதியை நீக்கிப் பெரும்பான்மைக்கு மாற உடன்படிக்கையிலேயே ஒரு பாலம் போட்டு வைத்திருக்கிறார்கள். முழு உடன்படிக்கையையும் திருத்தாமலே ஒரு துறையை மட்டும் பெரும்பான்மைக்கு மாற்றலாம். ஆனால் அந்தப் பாலத்தில் ஏறவே எல்லா நாட்டுத் தலைவர்களும் சம்மதிக்க வேண்டும், எந்த நாட்டு நாடாளுமன்றமும் தடுக்கலாம். பூட்டின் சாவியைப் பூட்டுக்குள்ளேயே வைத்த கதை.

நாடுகள் தயங்குவதற்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அயர்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12.5 சதவீத நிறுவன வரியை வைத்துத்தான் அந்தச் சிறிய தீவு உலக நிறுவனங்களை ஈர்த்தது. வரி விஷயத்தில் பெரும்பான்மை வந்தால் பெரிய நாடுகள் சேர்ந்து தங்கள் ஒரே ஆயுதத்தைப் பிடுங்கிவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். 2008இல், ஒன்றியத்தின் அமைப்பு விதிகளைத் திருத்தும் லிஸ்பன் உடன்படிக்கையை அயர்லாந்து மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். வரியில் கைவைக்க மாட்டோம், ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையர் தொடர்வார் என்றெல்லாம் உறுதி கொடுத்த பிறகே 2009இல் சம்மதம் கிடைத்தது. ஆணையர்களின் எண்ணிக்கையைக் குறைத்து ஆணையத்தைச் சுருக்க அந்த உடன்படிக்கையில் இருந்த திட்டம் அதோடு போனது. இன்றும் 27 ஆணையர்கள்.

ஆனால் அச்சத்துக்காகக் கொடுத்த உரிமை பேரத்துக்கும் பயன்படுகிறது. பெரிய நிறுவனங்களுக்கு உலகம் முழுக்கக் குறைந்தபட்சம் 15 சதவீத வரி என்ற திட்டத்தை 2022 ஜூனில் ஹங்கேரி தடுத்தது. டிசம்பரில் ஒரே பொட்டலமாக ஒரு முடிவு வந்தது. ஹங்கேரி அந்த வரிக்கும் உக்ரைனுக்கான 1,800 கோடி யூரோ உதவிக்கும் போட்டிருந்த முட்டுக்கட்டையை எடுத்தது. சட்ட ஆட்சி குறித்த குறைபாடுகளுக்காக அந்த நாட்டுக்கு நிறுத்திவைக்க இருந்த நிதி 750 கோடியிலிருந்து 630 கோடியாகக் குறைந்தது. வரியின் நன்மை தீமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எதுவுமில்லை. ஒன்றில் தடுத்து இன்னொன்றில் வாங்கலாம் என்பதை இந்த விதியே சொல்லிக் கொடுக்கிறது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லாப் பழியையும் வீட்டோ மேல் போட முடியாது. நாடுகளின் நிதிச்சந்தைகளை ஒன்றிணைக்கும் திட்டம் 2015இல் தொடங்கியது. அதன் பல பகுதிகளுக்குப் பெரும்பான்மை வாக்கே போதும். இருந்தும் அது தவழ்ந்துகொண்டுதான் இருக்கிறது. தன் நாட்டுப் பங்குச் சந்தை, தன் நாட்டுக் கண்காணிப்பு அமைப்பு என்று ஒவ்வொரு அரசும் பிடித்துக்கொண்டிருக்கிறது, மற்றவரின் பிடியைத் தொட்டால் நம் பிடியையும் தொடுவார்கள் என்று எல்லோரும் பேசாமல் இருக்கிறார்கள். நிறைவேற்றிய சட்டத்தைக்கூடத் தம் நாட்டில் அமல்படுத்தும்போது கூடுதல் நிபந்தனைகளைச் செருகுவதும் நடக்கிறது. 2000 மார்ச்சில் லிஸ்பனில் கூடிய தலைவர்கள், பத்தே ஆண்டில் உலகிலேயே போட்டித்திறன் மிக்க அறிவுப் பொருளாதாரமாவோம் என்று அறிவித்தார்கள். தெலோர் காலத்துப் பட்டியலுக்குக் கெடுவும் இருந்தது, அதை நிறைவேற்றும் வாக்கு விதியும் இருந்தது. லிஸ்பன் அறிவிப்புக்கு இலக்கு மட்டுமே இருந்தது, தவறினால் எந்த அரசுக்கும் எதுவும் ஆகாது. 2010 வந்தது, போனது.

இப்போது மேசையில் இருப்பவை

நிறுவனச் சட்டத்துக்கு ஒரு புது யோசனை இருக்கிறது. 27 நாடுகளின் சட்டங்களைத் திருத்திக் கொண்டிருக்க வேண்டாம், அவற்றுக்குப் பக்கத்தில் 28ஆவதாக ஒரு பொதுச் சட்டம் வைப்போம், விரும்பும் நிறுவனம் அதில் பதிந்துகொள்ளட்டும் என்கிறார்கள். 2025 ஜனவரியில் வெளியிட்ட போட்டித்திறன் திட்டத்தில் ஆணையம் இதற்கு வாக்குக் கொடுத்தது. எளிமையான, அழகான யோசனை. ஆனால் அதில் வரியையும் சேர்த்தால் மீண்டும் எல்லோர் சம்மதமும் வேண்டும், விட்டுவிட்டால் ஸ்டார்ட்அப்பின் தலைவலியில் பாதி அப்படியே இருக்கும்.

பணம் இன்னொரு கேள்வி. மின்கட்டமைப்பு, தொழில்நுட்பம், பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 75,000 முதல் 80,000 கோடி யூரோ கூடுதல் முதலீடு தேவை என்று திராகி கணக்கிட்டார், தனியார் பணமும் இதில் அடக்கம். ஐரோப்பிய நிறுவனங்கள் மின்சாரத்துக்கு அமெரிக்காவைப் போல இரண்டு மூன்று மடங்கு விலை கொடுக்கின்றன என்பதும் அதே அறிக்கையில் உண்டு. ஒன்றியத்தின் பொது வரவுசெலவோ உறுப்பு நாடுகளின் வருமானத்தில் சுமார் ஒரு சதவீதம்தான். கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், நான்கு பகல் நான்கு இரவு பேசி, 75,000 கோடி யூரோவைச் சேர்ந்து கடன் வாங்கினார்கள். அது ஒரே ஒரு முறைக்கு என்று சொல்லித்தான் ஜெர்மனியும் நெதர்லாந்தும் ஒத்துக்கொண்டன.

இதற்கு நடுவே உக்ரைன், மால்டோவா, மேற்கு பால்கன் நாடுகள் வாசலில் காத்திருக்கின்றன. அவர்களை உள்ளே அழைக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் மேலே போட்ட 35 நாட்டுக் கணக்கை மறந்துவிட்டு அழைக்க முடியாது. பிரான்சும் ஜெர்மனியும் நியமித்த பன்னிரண்டு நிபுணர்கள் 2023 செப்டம்பரில் சொன்னதும் இதுதான். புதியவர்கள் வருவதற்கு முன்னால் வாக்கு விதியை மாற்றுங்கள் என்றார்கள்.

2025 ஜூலையில் ஆணையம் அடுத்த ஏழாண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்தது. மொத்தம் ஏறக்குறைய 2 லட்சம் கோடி யூரோ. அதில் போட்டித்திறனுக்கென்றே தனி நிதி, 40,900 கோடி. 2028 ஜனவரி 1 முதல் அது தொடங்க வேண்டும். நிறைவேற 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும்.